அண்ணனுக்கு முந்திச் செத்த தம்பி

ஓடைக்கரைக்கு வந்திருந்தவர்கள்: கங்காணியார், பண்டாரம், நாவிதர், வண்டிக்காரரின் மனைவி, அவர் மகள், மனைவியின் அண்ணன், வண்டிக்காரரின் தம்பி, எங்கள் அப்பா, நான், பிறகு கூலிக் குடியிருப்பான லயத்துச் சனங்களில் நடக்கத் தெம்பிருந்தவர்கள். வராதவர்கள்: தோட்டத்துத் துரை, அவர் சிங்கப்பூர்ச் சிறையில் கிடப்பதாகப் பேச்சு. ஆபீஸ் பெரிய கிராணி, காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார். போலீஸ்காரர்கள், அவர்கள் வந்துவிடக் கூடாதே என்றுதான் நாங்கள் குரலை அடக்கிப் பேசிக்கொண்டிருந்தோம். மூவார்க் கோர்ட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த நீதிபதி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. வண்டிக்காரரும் வரவில்லை. அவருக்குத்தான் அன்று பதினாறாம் நாள் கருமாதி.

அந்தக் காலத்தில் எங்கள் பொழுது எங்களுடையதாக இல்லை. ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். விடிந்துவிட்டது என்று மணியடிக்கும், வெளியே வந்து பார்த்தால் இருட்டு. லேடாங் மலை இருக்கும் பக்கம் மலையே இருக்காது, பனி மட்டும் நிற்கும். ரப்பர்ப் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டதால் கித்தா மரங்கள் வேலையற்றவர்களைப் போல வரிசையாக நின்றன. வயிற்றில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் போகாத நாட்களில் உடம்பு லேசாகிவிடும். நடக்கும்போது கால் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருஷத்தில் நடந்தவற்றை நினைத்தால், நான் நேரில் பார்த்ததா, பகலில் கண்ணயர்ந்தபோது வந்ததா என்று இப்போதும் ஒரு நிமிஷம் தயங்குகிறேன். ஆனால் ஓடைக்கரையில் பேசிய பேச்சு மட்டும் ஒவ்வொன்றும் காதில் நிற்கிறது.

வண்டிக்காரர் எங்கள் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். பிழைக்க வந்தவர்களில் சொந்தமாக நிலம் வாங்கிய ஒரே ஆள். தங்காக் சாலையோரம் மூன்று ஏக்கர். பாதி தென்னை, பாதி கிழங்கு. அதற்குரிய பட்டாவை, எங்கள் ஊர்ப் பேச்சில் கெரான், மூங்கில் குழாயில் சுருட்டி வைத்திருந்தார். பெட்ரோல் தீர்ந்து லாரிகள் எல்லாம் செத்த பிறகு அவருடைய வண்டிதான் ஓடியது. பட்டாளத்துக்காரர்கள் காதில் விழக்கூடாது என்று மாட்டுக் கழுத்து மணிக்குள் பஞ்சை அடைத்திருந்தார். பனிக்குள்ளிருந்து சத்தமில்லாமல் இரண்டு வெள்ளைக் காளைகள் வந்து நிற்கும். பின்னால் அவர் சுருட்டு நெருப்பு தெரியும்.

அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால், புருஷனை இழந்து கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த பெண்ணுக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். எந்தக் காகிதத்திலும் அது எழுதப்படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நாங்கள் எல்லோரும் அவரை வண்டிக்கார அக்கா என்போம். அந்த வீட்டில் இன்னொரு ஆள் வண்டிக்காரரின் தம்பி. மீசை முளைக்காத வயதிலிருந்து அக்கா கையால் சோறு தின்று வளர்ந்தவன். என்னைவிட நாலு வயது மூத்தவன். என்னோடு பந்து விளையாடியவன். கல்யாணம் ஆகவில்லை.

நடந்தது இதுதான். இறைச்சி வாங்கும் ஒருவன் ஒரு காளைக்கு ஒரு மூட்டை அரிசி தருவதாகச் சொல்லியிருந்தான். தம்பி கொடுத்துவிடலாம் என்றான். அண்ணன் முடியாது என்றார். நிலத்தில் நின்று இருவரும் கத்தினார்கள். மாட்டை நுகத்தில் பூட்டும் மரக்குச்சி தம்பி கையில் இருந்தது. ஒரே அடி, காதுக்குப் பின்னால். அண்ணன் கீழே விழவில்லை. தலையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார், கஞ்சி குடித்தார், படுத்தார். காலையில் எழுந்திருக்கவில்லை.

தம்பி எதையும் மறைக்கவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான் அடிச்சேன், நான்தான்" என்று அழுதான். அதை மறைத்தவர்கள் நாங்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அடிதடியைப் போலீசில் சொல்லப்போக, ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெத்தாய்க்காரர்கள் லாரியில் வந்து அடித்தவனையும் பார்த்தவர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் பாதிப்பேர் திரும்பவில்லை. அதனால் கங்காணியார் எங்களைக் கூட்டிப் பேசி, காய்ந்த கித்தாக் கிளை தலையில் விழுந்து செத்தார் என்று ஆபீசில் பதியச் சொன்னார். நாவிதரும் பண்டாரமும் சாட்சியாகக் கைநாட்டு வைத்தார்கள். அந்தப் பேச்சு நிற்க வேண்டுமென்றால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். ஆகவே தம்பி தோளிலேயே குடத்தை ஏற்றி, அவன் கையாலேயே கொள்ளி வைக்கச் செய்தோம்.

அப்போது யாருக்கும் மேற்கொண்டு யோசிக்கத் தோன்றவில்லை. பதினாறாம் நாள், பண்டாரம் உருமாத் துணியை எடுக்கச் சொன்னபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எங்கள் லயத்து வழக்கத்தில் கொள்ளி வைத்தவனுக்குத்தான் உருமா. கருமாதி முடிவில் செத்தவருடைய மச்சான் அந்தத் துணியை அவன் தலையில் தலைப்பாகையாகக் கட்டுவார். கட்டிவிட்டால் வீட்டுக்கு அவன்தான் பொறுப்பு, சொத்தும் அவனுக்குத்தான். அண்ணனைக் கொன்ற தம்பிக்கு அண்ணனுடைய மூன்று ஏக்கரையும் வண்டியையும் காளைகளையும் நாங்களே சடங்கு செய்து கொடுக்க உட்கார்ந்திருந்தோம்.

தம்பி மொட்டைத் தலையோடு நனைந்த வேட்டியில் இலைக்கு முன்னால் இருந்தான். அரிசி இல்லாததால் கிழங்கை அவித்து மசித்துப் பிண்டம் பிடித்திருந்தார்கள். எள்ளுக்குப் பதிலாக உலர்த்திய பப்பாளி விதை. புதுத்துணிக்குத் தங்காக் முழுக்க அலைந்தும் ஒரு முழம் கிடைக்காமல், வண்டிக்காரருடைய பழைய வெள்ளை வேட்டியில் கிழித்ததுதான் உருமாத் துணி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் அண்ணன் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"நேரம் போவுது கங்காணியாரே, கட்டச் சொல்லுங்க" என்றார் பண்டாரம். அவருக்குப் பசி.

"எந்த நேரம் சாமி? ஒங்க நேரமா, தோக்கியோ நேரமா?" என்றார் நாவிதர்.

அக்காவின் அண்ணன் துணியை மடித்தார். "எனக்குக் கை வரலீங்க."

"என்னாப்பா?"

"கை வரல. இத அவன் தலையில கட்டுனா நெலம் அவனுக்குப் போயிரும். என் தங்கச்சியும் புள்ளையும் எங்க போவாங்க? எனக்கே அஞ்சு புள்ளைங்க, கெழங்குத் தோல அவிச்சித் திங்கிறோம். அடிச்சவனுக்கு நானே என் கையால தூக்கிக் குடுக்கவா?"

"மெதுவாப் பேசுலா! சாலையில எவனாச்சும் போவான்." கங்காணியார் நெற்றியைத் துடைத்தார். "கெளை விழுந்துச்சின்னு சொல்லியாச்சி. கொள்ளி வச்சது தம்பி. கொள்ளி வச்சவனுக்கு உருமா. நம்ம வழக்கம் அதுதான. இப்ப மாத்துனா ஏன்னு கேப்பான். கேட்டா என்னா சொல்லுவ?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, பிறகு தங்காக்கில் ஆங்கிலப் பள்ளி. ஜப்பான் சண்டை வந்து ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஒரு தடவை மூவார்க் கோர்ட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று வழக்கு நடப்பதைப் பார்த்திருந்தேன். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, விசிறியின் சத்தம்தான் கேட்டது. ஆனாலும் அந்த அறையில் ஏதோ ஒன்று நேராக வைக்கப்படுகிறது என்று தோன்றியது. அந்த நினைப்பில் எழுந்து, "நான் ஒன்னு சொல்லலாங்களா?" என்றேன்.

அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருடா."

"ஆறாவது பாஸ் பண்ணவரு பேசுறாரு. மாடு கன்னெல்லாம் கத்தாம இருங்க" என்றார் நாவிதர்.

"கெளை விழுந்துச்சின்னு நாம சொன்னது ஜப்பான்காரனுக்கு. நமக்கு நாமளே அதச் சொல்லிக்கணும்னு இல்லையே. கொன்னவனுக்குத்தான் செத்தவன் சொத்துன்னா, அது வழக்கமா? நாளைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் அண்ணனும் தம்பியும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துகிட்டுதான் படுக்கணும். வழக்கத்த மாத்தணும். நம்ம லயத்துல இனிமே, ஒரு ஆள அடிச்சிக் கொன்னவன், அந்த ஆளு சொத்த எடுக்கக் கூடாது."

நாவிதர் சிரிக்கவில்லை. கத்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்: "சரி வாத்தியாரே. இவன் நெலத்துக்காவா அடிச்சான்? பசியில அடிச்சான். கொல்லணும்னு நெனச்சி அடிக்கிறவனும், கோவத்துல கை நீட்டுறவனும் ஒன்னா? ரெண்டு பேருக்கும் ஒரே சட்டமா?"

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. மேலே கித்தாக் காய்கள் வெயிலில் வெடித்து விழும் சத்தம் ஒன்று, அப்புறம் எங்கோ ஒன்று. எல்லோரும் தூங்கிக்கொண்டே விழித்திருப்பவர்களைப் போல என்னைப் பார்த்தார்கள்.

பதில் சொன்னவர் அக்கா. அதுவரை மகளை மடியில் சாய்த்துக்கொண்டு இருந்தார்.

"அவன் நெலத்துக்காவ அடிக்கல. எனக்குத் தெரியும். அவனுக்குப் பசிச்சா நான் கஞ்சி ஊத்துவேன். நாளைக்கும் ஊத்துவேன். ஆனா நெலத்தக் குடுக்க மாட்டேன். அவரு வெட்டுன குழியில அவன் கெழங்கு புடுங்குறத நான் பாத்துகிட்டு இருக்க மாட்டேன். நெனச்சி அடிச்சானோ நெனக்காம அடிச்சானோ, அவரு இல்ல. அவ்வளவுதான்."

கங்காணியார் தம்பி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பண்டாரத்தைக் கேட்டார்: "தம்பி முந்தியே செத்திருந்தா உருமா யாருக்குப் போயிருக்கும்?"

"வீட்டுல ஆம்பள இல்லன்னா பொண்டாட்டி கையில தர்ப்பைப் புல்லக் குடுத்து, மச்சான் மாத்தி வாங்கிச் செய்யலாம். புள்ள தலையில துணியப் போட்டுறலாம். செஞ்சிருக்கேன்."

"அதச் செய்யிங்களேன்."

"தம்பி செத்திருந்தாதான செய்யலாம்? கண்ணு முன்னால குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கான்."

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். பதினாறு நாளாக யாரிடமும் பேசாததால் குரல் கரகரத்தது.

"செத்தேன்னு வச்சிக்குங்க."

பண்டாரம் கையை உதறினார். "உசிரோட இருக்கிறவனுக்கு நான் எள்ளு எறைக்க மாட்டேன். பாவம்."

"அது எள்ளே இல்லியே சாமி, பப்பாளி வெத" என்றார் நாவிதர். "பாவமும் பப்பாளிக்குத் தகுந்த மாரி கொஞ்சமாத்தான் ஒட்டும்."

அப்படித்தான் அந்தச் சடங்கு நடந்தது. இன்னோர் இலை போட்டார்கள். தம்பி எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். பண்டாரம் அவன் முகத்தைப் பார்க்காமல், அவனுக்கென்று விதை இறைத்துத் தண்ணீர் விட்டார். தண்ணீர் இலையிலிருந்து வழிந்து மணலில் கோடு போட்டு ஓடைக்குள் இறங்கியது. தனக்கு விட்ட தண்ணீர் போவதைத் தம்பி கண்ணெடுக்காமல் பார்த்தான். அவன் முகத்தில் துக்கம்கூட இல்லை; தூரத்தில் யாருக்கோ நடக்கும் கல்யாணத்தை வேடிக்கை பார்ப்பவனைப் போல இருந்தான். வெயில் இலைகளின் நடுவே வந்து அவன் மொட்டைத் தலையில் அசைந்தது. ஒரு நிமிஷம் அந்த இடத்தில் அவன் இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

கங்காணியார் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவன் அவன் அண்ணனுக்கு முந்தின நாளே செத்தவன்."

"நெலத்துக்கும் வண்டிக்கும் மாட்டுக்கும் மட்டும்னு சொல்லுங்க. மத்த எதுக்கும் இல்லன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு அதையும் சொன்னார். இனி லயத்தில் யாராக இருந்தாலும் இதே முறைதான் என்றும் சொன்னார். சனங்கள் தலையாட்டினார்கள். அக்காவின் அண்ணன் துணியை உதறிச் சிறுமியின் தலையில் கட்டினார். பெரிய ஆள் தலைக்கு எடுத்த துணி. நழுவி அவள் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"மாமா, ஒன்னுமே தெரியல" என்றாள்.

அந்தப் பதினாறு நாளில் முதன்முறையாகச் சிரிப்பு கேட்டது. அக்காவும் சிரித்தார். சிரித்த வாயைப் புடவையால் மூடிக்கொண்டு அப்படியே அழுதார்.

அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்குப் போகவில்லை. ரப்பர்த் தகடு புகை போடும் கொட்டகை சும்மா கிடந்தது, அதில் போய்ப் படுத்துக்கொண்டான். சுவரெல்லாம் புகை ஏறிக் கறுத்த கொட்டகை. உள்ளே எப்போதும் சாயங்காலம் மாதிரி இருக்கும். அக்கா சொன்னபடி தினமும் மகளிடம் கஞ்சி கொடுத்தனுப்பினார். மூன்று ஏக்கர் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை. காளைகளை அக்காவின் அண்ணன் ஓட்டினார். அவை கொட்டகையைக் கடக்கும்போது மட்டும் நின்று மூக்கைத் தூக்கும். அவன் வெளியே வரமாட்டான்.

ஆனால் லயத்துச் சனங்களின் வாயில் அந்தச் சடங்கு வேறு மாதிரி வளர்ந்தது. "செத்தவன் குளிக்கப் போறான்", "செத்தவன்கிட்ட பீடி இருக்கான்னு கேளு" என்று விளையாட்டாக ஆரம்பித்தார்கள். பிறகு அது விளையாட்டாகவும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று உப்பு அளக்கும்போது அவன் தலையை விட்டுவிட்டார்கள். "நெலத்துக்கு மட்டும்தான்" என்று நான் போகுமிடமெல்லாம் சொன்னேன். "ஆமா ஆமா" என்றார்கள். என் பங்கு உப்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "ஒன் சட்டத்துல உப்பு இருக்காடா?" என்று கேட்டான். கிண்டலா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை.

சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் கேட்டு ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்தது அந்தச் சமயத்தில்தான். லயத்துக்கு இத்தனை ஆண்கள் என்றான். மூன்று மாசத்தில் திரும்பிவிடலாம் என்றான். யாரும் நம்பவில்லை. எனக்கு ஜப்பான் பாஷையான நிப்போங்கோ நாலு வார்த்தை தெரியும் என்பதால் ஆபீசுக்கென்று நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் லயத்துக்கு இன்னும் ஓர் ஆள் குறைந்தது. பிள்ளைகுட்டிக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவின் அண்ணனும் நின்றார்.

பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்: "செத்தவன் ஒருத்தன் இருக்கானே."

"அது நெலத்துக்கு மட்டும்!" என்று கத்திவிட்டேன். அதிகாரி திரும்பிப் பார்த்தான். கங்காணியார் மறுத்தும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் கொட்டகைக் கதவு திறந்து தம்பி நடந்து வந்துகொண்டிருந்தான். யாரும் போய்க் கூப்பிடவில்லை. வந்து வரிசையில் நின்றுகொண்டான்.

லாரி ஏறும்போது அக்கா அவித்த கிழங்கை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தார். அவன் வாங்கிக்கொண்டான்.

"போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்றார் அக்கா.

"செத்தவன் எப்புடி அண்ணி போயிட்டு வரேன்னு சொல்றது?"

"நெலத்துக்குத்தான்டா செத்த. எனக்குச் சாவல. சொல்லு."

அவன் சொன்னானா என்று எனக்குக் கேட்கவில்லை. லாரி கிளம்பிவிட்டது. பனிக்குள் முதலில் சக்கரம் மறைந்தது, பிறகு ஆட்கள். கடைசி வரைக்கும் அந்த வாழையிலைப் பச்சை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

அந்த மூன்று ஏக்கர் கிழங்கில்தான் அக்காவும் மகளும் அவருடைய அண்ணன் வீட்டு ஐந்து பிள்ளைகளும் மிச்சக் காலத்தைத் தாண்டினார்கள். எங்கள் வீட்டுக்கும் அங்கிருந்து வந்தது. காளைகளில் ஒன்று காணாமல் போனது, மற்றது படுத்துச் செத்தது. பிறகு ஒரு நாள் ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள், கடிகாரத்தை மறுபடியும் திருப்பி வைத்தார்கள். ஜப்பான் நோட்டை வைத்துப் பிள்ளைகள் கடை விளையாடினார்கள்.

சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் பெக்கான் நானாஸ் போகும் வழியில் எங்கள் லயத்தைத் தேடிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். ஆற்றோர முகாம் ஒன்றில், மழைக்காலத்தில், வாந்திபேதியில் தம்பி போய்விட்டான் என்றும், தானும் இன்னும் மூவரும் புதைத்ததாகவும் சொன்னார். அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டார்.

நிலத்தை அக்கா பெயருக்கு மாற்ற மூவாருக்குப் போனோம், அக்கா, கங்காணியார், நான். நில ஆபீசில் மலாய்க் குமாஸ்தா கெரானைப் புரட்டிப் பார்த்து, இறந்தவருக்குத் தம்பி உண்டா, எங்கே என்று கேட்டார். நான் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன்: சயாமில் இறந்துவிட்டார், ஆனால் எங்கள் வழக்கப்படி அண்ணனுக்கு முந்தின நாளே இறந்தவர்.

"அலமாக்! ஒரு ஆளு ரெண்டு தடவை சாவானா?" என்று சிரித்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னார்.

வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னால் இந்த அம்மாவுக்குப் பாதி கிடைக்கும். மகள் அவருக்குப் பிறந்தவள் இல்லை, அவளுக்கு ஒண்டும் இல்லை. மற்றப் பாதி தம்பிக்கு. அவரும் செத்துப்போனார், அவருக்கு வேற ஆக்களும் இல்லையெண்டால், அந்தப் பாதி கவர்மெண்டுக்குத்தான் போகும்."

"அவன்தாங்க அடிச்சது" என்றேன்.

"அது எனக்கு விளங்குது. கொலை செய்தவருக்குப் பங்கில்லை எண்டு எங்கட சட்டத்திலயும் இருக்குது; அவரை நீக்கினால் மூண்டு ஏக்கரும் அம்மாவுக்கு. நீங்கள் ஓடைக்கரையில செய்தது பிழையில்லை. ஆனால் பேப்பரில கொப்பு முறிஞ்சு விழுந்ததெண்டு கிடக்கே? அந்தப் பேப்பர் பொய்யெண்டு சத்தியம் பண்ண வேணும். அதுக்குத் தண்டம் வரும். அதோட, அந்தப் பொடியன் கொலைகாரன் எண்டு எழுதிப் போடவேணும். அது அழியாது. அம்மாவிட்டக் கேளும்."

அக்கா வக்கீல் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தென்னைப் பாதியா, கிழங்குப் பாதியா, எது போகும் என்று ஒருமுறை கேட்டார். வெளியே மூவார் ஆற்றில் படகு ஒன்று மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத மெதுவு. அது ஜன்னலைக் கடந்ததும் அக்கா நிமிர்ந்தார்.

"அவன் அடிச்சதுன்னு எழுதுங்க" என்றார் அக்கா. "ஒரு அடின்னு எழுதுங்க. நெலத்துக்காவ அடிக்கலன்னு எழுதுங்க. அழுதான்னு எழுதுங்க. வேற ஆளுக்குப் பதிலா அவனே சயாமுக்குப் போனான், அதயும் எழுதுங்க."

"முதல் வரி மட்டும் போதும் அம்மா. மற்றதுக்குச் சட்டத்தில இடமில்லை."

"எடம் இருக்கோ இல்லியோ, எழுதலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வக்கீல் என்னைப் பார்த்துப் பேனாவை நீட்டினார். நான் தமிழில் எழுதினேன், அக்கா சொன்ன வரிசையிலேயே. பந்து விளையாடிய கால்களும், இலைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மொட்டைத் தலையும் கண்ணுக்கு முன்னால் வந்து எழுத்தை மறைத்துக்கொண்டே இருந்தன. அக்கா கைநாட்டு வைத்தார். பிறகு கங்காணியார் வைத்தார். அடுத்த வாரம் நாவிதரும் பண்டாரமும் பஸ் ஏறி வந்து, கிளை விழவில்லை என்று சத்தியம் செய்தார்கள். படி இறங்கும்போது நாவிதர், "பொய் சொன்னப்ப ஓசி, உண்மைக்குத்தான் காசு" என்றார். பண்டாரம்கூடச் சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து மூன்று ஏக்கரும் அக்கா பெயருக்கு மாறி வந்தது. நாள் முழுக்கப் பால் வெட்டினாலும் ஒரு வெள்ளி கிடைக்காத காலம் அது. வக்கீல் தன் பீசில் பாதியைத்தான் வாங்கினார். கங்காணியாரையும் நாவிதரையும் பண்டாரத்தையும் மட்டும் தண்டம் கட்டவிடக் கூடாது என்று லயத்தில் ஒவ்வொரு வீடும் காசு போட்டது. சயாமுக்கு ஆள் அனுப்ப வேண்டியிராத வீடுகள் கொஞ்சம் கூடவே போட்டன. தண்டம், வக்கீல், முத்திரை, பத்திரிகை விளம்பரம், சயாமிலிருந்து வந்தவரைச் சாட்சிக்கு அழைத்துவந்த பஸ் செலவு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது நூற்றுப் பதினெட்டு வெள்ளி அறுபது காசு.